மீதிப் பதினோரு வருஷம்

பத்தாம் வகுப்பில் அகத்திணை நடத்திக்கொண்டிருந்தேன். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்று வழக்கம்போலச் சொன்னபோது கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “மீதிப் பதினோரு வருஷம் அந்தச் செடி எங்க சார் இருக்கும்?” என்று கேட்டாள். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

செடி எங்கும் போவதில்லை. கொடைக்கானல், நீலகிரி, மூணாறு மலைகளில், சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிச் சரிவுகளில் பச்சைப் புதராக நின்றுகொண்டிருக்கிறது. பன்னிரண்டாம் ஆண்டில் எல்லாம் ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து, காய்ந்து மடிகின்றன. ஆகவே நாம் வகுப்பில் சொல்லும் வாக்கியமே பிசகானது. எந்தக் குறிஞ்சிச் செடியும் இரண்டாம் முறை பூப்பதில்லை. அடுத்த முறை பூப்பவை அதன் பிள்ளைகள். ஒரே காலத்தில் மலை கொள்ளாமல் விதை விழுந்தால், தின்னும் பூச்சிகளும் பறவைகளும் தின்றது போக மிச்சம் முளைக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கிய விளக்கம் இதுதான்.

ஆண்டுதோறும் ‘குறிஞ்சி பூத்தது’ என்று செய்தி வருகிறதே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். குறிஞ்சிப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு. ஒவ்வொன்றின் சுழற்சியும் வேறு. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு நீலக்குறிஞ்சிக்கு உரியது. அதன் தாவரவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் வரும் தேன் குறிஞ்சிப் பூவின் தேன்தான். பூக்கும் பருவத்தில் மலைத்தேனீக்கள் அதை மொய்ப்பதால், தேனெடுக்கும் மலைவாழ் மக்களுக்கு அது நல்ல அறுவடைக் காலம். முதுவர்கள் வயதையே குறிஞ்சியால் கணக்கிட்டார்கள். இதை வகுப்பில் கணக்காகப் போட்டுப் பார்த்தேன்: மூன்று குறிஞ்சி பார்த்தவருக்குக் குறைந்தது என்ன வயது? எல்லோரும் 36 என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பூக்கும் பருவத்தில் பிறந்த குழந்தைக்கு 24 வயதிலேயே மூன்றாம் குறிஞ்சி வந்துவிடும்!

பூத்த ஆண்டில் இந்தச் செடிக்குக் காவல் போடுகிறோம். பறிக்கக்கூடாது என்பதும் சரிதான். பறித்த பூ விதையாகாது. ஆனால் குறிஞ்சி பெருமளவில் அழிந்தது பூக்காத ஆண்டுகளில். ஆங்கிலேயர் காலம் தொட்டு, வெறும் புல்லும் புதரும்தானே என்று புல்வெளிகளைத் தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகை மரத்துக்கும் கொடுத்துவிட்டோம். எட்டாம் ஆண்டில் பிடுங்கப்பட்ட செடி ஒரு விதைகூடப் போட்டிருக்காது. 2006இல் கேரள அரசு மூணாறு அருகே குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது இந்தச் செடிக்காகத்தான்.

கடைசியாக 2018இல் பூத்தது. அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2030இல் பிளஸ் டூ முடித்து வெளியேறும்போது அடுத்த பூப்பு. அதற்குள் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். பூவின் படத்தைக் காட்டாமல், பூக்காத புதரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் நான் கரும்பலகையில் வரைந்ததும் அதைத்தான்: தண்டில் எதிரெதிராக இலைகள், ஓரத்தில் ரம்பப் பற்கள், பூ ஒன்றுகூட இல்லை. கேள்வி கேட்ட மாணவி அதைத் தன் நோட்டில் வரைந்துகொண்டு, கீழே ‘குறிஞ்சி’ என்று எழுதினாள்.