கற்காலத்திற்கு ஒரு நடைவழி

நுழையும்முன்
மகிழுந்துகள் உருவாகும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தின் மண்ணுக்கு அடியிலும், அதற்கு வடக்கே உள்ள குன்றுகளிலும் மனித இனத்தின் மிகப் பழைய சுவடுகள் சில புதைந்து கிடக்கின்றன. அவற்றை நாடி நடப்போர் எவற்றைக் காணலாம், எவற்றைக் காக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மண்ணூரும் மண்ணின் வயதும்

திருப்பெரும்புதூரைச் சூழ்ந்த ஊர்களுள் ஒன்று மண்ணூர். ஒருபுறம் ஏரியும் வயலும், மறுபுறம் தொழிற்கூடங்களும் சரக்கு வண்டிகள் விரையும் சாலைகளுமாக இவ்வட்டாரம் இன்று காட்சியளிக்கிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து விரைந்து வளர்ந்த இத்தொழில் வட்டாரத்தை உலகச் சந்தை நன்கறியும். ஆயினும், அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே திருப்பெரும்புதூரின் பெயர் நிலவியல் நூல்களில் இடம்பெற்றுவிட்டது. இப்பகுதியில் காணப்படும் களிப்பாறை அடுக்குகளை நிலவியலாளர் ‘திருப்பெரும்புதூர்ப் படிவுகள்’ என்று வழங்குகின்றனர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவ்வடுக்குகளில் பழந்தாவரங்களின் இலைத்தடங்கள் பதிந்துள்ளன. தொழிற்கூடங்களுக்கு அடித்தளம் தோண்டப்படும் மண்ணின் வயது அத்தகையது.

ஒரு கல்லும் ஒரு கண்டுபிடிப்பும்

இவ்வடுக்குகளை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் புரூஸ் புட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் செம்பொறைச் சரளைக்குழி ஒன்றில் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி. இந்தியத் துணைக்கண்டத்தில் மனிதரின் தொன்மையை உணர்த்திய முதற்சான்றாக அது போற்றப்படுகிறது. ஐரோப்பாவில் இத்தகைய கற்கள் மனிதர் ஆக்கியவையே என்பதை அறிஞருலகம் 1859இல்தான் ஏற்றுக்கொண்டது. நான்கே ஆண்டுகளில் தமிழ்நாடு அவ்வரலாற்றில் இடம்பெற்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் புட்டும் அவர்தம் உடன் பணியாளர் வில்லியம் கிங்கும் கொசத்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தை அடைந்தனர். ஓடைக்கரையில் கைக்கோடரிகள் மிகுதியாகக் கிடந்தன. இப்பண்பாட்டுக்குப் பின்னாளில் ‘சென்னைக் கைக்கோடரி மரபு’ என்றே பெயர் அமைந்தது.

குடியம் நடைவழி

அதிரம்பாக்கத்திற்கு அண்மையில், பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காப்புக்காட்டுப் பகுதியில் குடியம் குகைகள் உள்ளன. குடியம் சிற்றூரிலிருந்து புதர்க்காட்டினூடே சில கிலோமீட்டர் நடந்தால் அவற்றை அடையலாம். குகைகள் என்று வழங்கினும், இவை ஆழ்ந்து செல்லும் குகைகள் அல்ல. முன்னோக்கி நீண்ட பாறைக்கூரையின்கீழ் அமைந்த பாறை ஒதுக்கிடங்களாகும். இப்பாறையை உற்று நோக்கினால் எண்ணற்ற கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகியிருப்பது புலப்படும். பண்டைய நீரோட்டங்கள் உருட்டி வந்து சேர்த்த அக்கற்களே காலப்போக்கில் கூட்டுப்பாறையாயின. அவற்றுள் குவார்ட்சைட் என்னும் கடினக்கல் மிகுதி. கைக்கோடரி செய்வதற்கு ஏற்ற கல் அதுவே. 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறை இங்கு அகழாய்வு நடத்திக் கற்காலக் கருவிகளை வெளிக்கொணர்ந்தது.

இவ்வழி உயிரினங்களுக்கும் உறைவிடம். காரையும் களாவும் சூரையும் அடர்ந்த இத்தகைய முட்புதர்க் காடுகள் கீரி, முயல், உடும்பு, நரி முதலியவற்றுக்குப் புகலிடம் தருகின்றன. பாறைக்கூரையில் மலைத்தேனீக்களின் பெருங்கூடுகள் தொங்குகின்றன. உரத்த ஒலியோ புகையோ அவற்றைக் கலைத்தால் நடப்போர் உயிருக்கே ஊறு நேரலாம். எனவே, அமைதி காத்தல் இங்கு நாகரிகம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

இக்காடுகளின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் இருளர் பழங்குடியினர். மூலிகையையும் பாம்பின் தடத்தையும் இனங்காணும் அவர்களது அறிவு புகழ்பெற்றது. 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சை எடுத்து வழங்கி வருகிறது.

கல் காலத்தைக் கூறுமாறு

ஒரு கல்லின் வயதை எவ்வாறு அறிவது? கல் தோன்றிய காலத்தை அறிந்தால் போதாது. மனிதன் அதைப் பயன்படுத்திக் கைவிட்ட காலத்தை அறிதல் வேண்டும். அதற்குக் கல் புதைந்த மண்ணடுக்கே துணைபுரிகிறது.

நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லின்மீது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஓயாது பாய்கின்றன. அதனால் கல்லிலுள்ள குவார்ட்சில் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் கதிரியக்க அணுக்கள் உருவாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் கதிர்கள் தடைப்படுகின்றன. புதிய அணுக்கள் தோன்றுவது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. முன்பே தோன்றியவை சிதையத் தொடங்குகின்றன. அலுமினியம்-26 ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகளிலும், பெரிலியம்-10 ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகளிலும் பாதியாகக் குறையும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறைவதால், எஞ்சியுள்ள அளவுகளை ஒப்பிட்டுக் கல் புதைந்த காலத்தைக் கணக்கிடலாம்.

தொல்லியலறிஞர் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் தலைமையில் அதிரம்பாக்கத்தில் 1999 முதல் அகழாய்வுகள் நடைபெற்றன. மேற்கண்ட முறையால் அங்குள்ள மிகப் பழைய கருவிகள் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், சராசரிக் கணக்கில் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்றும் 2011இல் அறிவிக்கப்பட்டது. மற்றொரு முறையைக் கொண்டு, இடைப் பழங்கற்கால நுட்பம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதென 2018இல் நிறுவப்பட்டது. புதைந்த மண்துகள்கள் இறுதியாகக் கதிரொளியைக் கண்ட காலத்தை அளப்பது அம்முறை. இந்நுட்பம் மிகப் பிற்காலத்தில்தான் இந்தியாவை அடைந்தது என்னும் கருத்தை இம்முடிவு மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது.

குதிரையினமும் மாட்டினமும் சார்ந்த விலங்குகளின் பல் புதைபடிவங்களும் அங்குக் கிடைத்துள்ளன. மேலும், கருவிகளுக்கான குவார்ட்சைட் கற்கள் அவ்விடத்துக் களிமண் படிவில் இயல்பாகக் கிடைப்பவை அல்ல. வேறிடத்திலிருந்து சுமந்து வரப்பட்டவை. கல் கிடைக்கும் இடத்திற்கும் ஓடைக்கரைக்கும் இடையே அன்றும் மனிதர் நடந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ளல் வேண்டும். அடுக்கிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட கல் தன் சூழலை இழந்துவிடுகிறது. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பது தெரியாவிடில் அது அழகிய கல்லாக எஞ்சுமேயன்றி, முழுமையான வரலாற்றுச் சான்றாக நில்லாது.

தொழிற்கூடங்களுக்கு இடையே

இத்தகைய சான்றுகள் குன்றுகளில் மட்டுமே உள்ளன என்று கருதுதல் கூடாது. ஒரகடத்திற்கு அருகிலுள்ள வடக்குப்பட்டு என்னும் ஊரில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டது. மேலடுக்குகளில் பல்லவர் காலத்தைச் சார்ந்த கட்டடப் பகுதியும், ரோமானியர் பயன்படுத்திய ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. அவற்றுக்கும் கீழே கற்கால மனிதரின் கருவிகள் கிடைத்தன. ஒரே மேட்டில் பல காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

கற்கருவிகள் பெரும்பாலும் செம்பொறைச் சரளை மண்ணிலேயே காணப்படுகின்றன. சாலைக்கும் கட்டடத்திற்கும் வேண்டப்படுவதும் அதே சரளையே. புட் தம் முதற்கல்லைக் கண்டதும் ஒரு சரளைக்குழியில்தான். ஆகவே, குழி தோண்டுதல் சான்றை வெளிக்கொணரவும் கூடும். ஆய்வாளர் காணுமுன்பே அதை அழித்துவிடவும் கூடும். தொழிலும் வேண்டும், தொன்மையும் வேண்டும் எனின், தோண்டுமுன் ஆராய்தல் இன்றியமையாதது.

நடத்தலும் காத்தலும்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் பலர் காட்டுத்தீயில் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கான விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுடன் அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. குடியம் குகைகளும் அவற்றுள் ஒன்று. உள்ளூர் மக்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுள்ளமை இத்திட்டத்தின் சிறப்பாகும். காட்டை அறிந்தோர்க்குக் காட்டாலேயே வாழ்வு அமையுமாயின், அதைக் காக்கும் கைகளும் பெருகும்.

எனினும், நடப்போர் பெருகப் பெருக நிலமும் தேய்கிறது. இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் மதிலை ஒட்டி ஏறத்தாழ 135 கிலோமீட்டர் நீள நடைவழி 2003இல் திறக்கப்பட்டது. ஈரமான குளிர்காலத்தில் கால்கள் படுவதால் புதைந்துள்ள சின்னங்கள் சிதையும் என்று அஞ்சி, நடையை நிறைவுசெய்வோர் முத்திரை பெறும் ஏற்பாட்டைக் கோடைசார் மாதங்களோடு வரையறுத்தனர். மக்கள் வருகையைத் தடுக்காமல் காலத்தை மட்டும் நெறிப்படுத்திய முறை இது.

நம் நாட்டிலும் வழிகாட்டும் சான்று உண்டு. தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் பல்வகைப் பறவைகளும் ஒருங்கே அமைந்த மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம், மக்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து 2025 சனவரியில் கைவிடப்பட்டது. தொன்மையும் இயற்கையும் ஒன்றையொன்று காக்கும் என்பதற்கு அவ்வூர் எடுத்துக்காட்டு.

குடியத்திற்கோ அதிரம்பாக்கத்திற்கோ செல்லும் மாணவர் சில நெறிகளைப் பின்பற்றுதல் நன்று. காப்புக்காட்டினுள் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் ஆகாது. வழித்தடத்தை விட்டு விலகுதல் ஆகாது. செதுக்கிய கல் எதையேனும் கண்டால் அதை எடுக்காமல், கிடந்த நிலையிலேயே படம்பிடித்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். கருவிகளை அண்மையில் காண விரும்புவோர்க்குப் பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் உள்ளது.

பதினைந்து இலட்சம் ஆண்டுகள் மண்ணடுக்கில் நிலைத்திருந்த கல்லை ஒரு நொடியில் பையிலிட்டுச் செல்ல இயலும். அதை அங்கேயே விட்டு வருபவர், இனி வரவிருக்கும் ஆய்வாளர்க்கு ஒரு சான்றை விட்டு வருகிறார்.