பலா மரம் வீணையாகும் கதை

பிள்ளைக்கு வீணை கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கிறார்கள். 1981-ஆம் ஆண்டு சுவாமி சாந்தானந்த் சரஸ்வதி தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்கள் பிரிக்பீல்ட்சில் அதற்கு வழி செய்திருக்கின்றன. ஆனால் அந்த வீணையை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. "கடையில் வாங்கினோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த அறியாமையால் பாதிக்கப்படுவது பிள்ளைதான். சுருதி சேராத வீணையோடு மாதக்கணக்கில் போராடும் பிள்ளை, தனக்கு இசை வரவில்லை என்று நினைத்து வகுப்பையே விட்டுவிடுகிறது. குறை கருவியில் இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

வீட்டுப் பட்டறையில் பிறக்கும் கருவி

வீணை என்றாலே தஞ்சாவூர்தான். அங்கே கைவினைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்து வருகின்றன. பெரிய தொழிற்சாலை எதுவும் கிடையாது. சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் உளியும் இழைப்புளியும் கொண்டு கையாலேயே செய்கிறார்கள். 24 மெட்டுகளை நிலையாகப் பதித்த இன்றைய வடிவம், 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாகச் சொல்வார்கள். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதற்கு ஏற்ற மரம் நன்கு முற்றிக் காய்ந்த பலா. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை. எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. குடத்தின் சுவர் தடித்துப்போனால் நாதம் அமுங்கிவிடும். அளவுக்கு மீறி மெலிந்தால் மரம் விரிசல் விடும். இடையில் உள்ள அந்தச் சரியான அளவைத் தட்டிப் பார்த்தும் தடவிப் பார்த்தும்தான் ஆசாரி அறிகிறார்.

மரத்தைக் குடைந்து கருவி செய்வது மலேசியாவுக்கும் புதிதல்ல. மலாய்க்காரர்களின் கம்புஸ் பலா மரத்தில் செய்யப்படுவதுண்டு. சரவாக்கின் ஓராங் ஊலு மக்கள் சாப்பே என்ற கருவியை ஒரே மரத்துண்டில் குடைந்தெடுக்கிறார்கள்.

மேளம் கட்டுதல்

வீணைக்கு உயிர் கொடுக்கும் கடைசி வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகையும் கரித்தூளையும் கலந்து தண்டியின் மேல் இரு வரிசையாக மேடு கட்டி, அதன்மீது உலோக மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு மெட்டுகளுக்கு நடுவே அரை ஸ்வர இடைவெளி. 12 மெட்டுக்கு ஒரு ஸ்தாயி, 24 மெட்டுக்கு இரண்டு ஸ்தாயி.

இதில் கணக்கும் உண்டு. மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 84 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12-ஆம் மெட்டு சரிபாதியில், அதாவது 42 சென்டிமீட்டரில் வரவேண்டும். பஞ்சமம் தரும் 7-ஆம் மெட்டிலிருந்து குதிரை வரை 56 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டு ஸ்வரம் சற்றே ஏறும். அந்தச் சிறு வேறுபாட்டை அளவுகோல் காட்டாது, காதுதான் காட்டும். நல்ல சுருதி ஞானம் இல்லாதவரால் மேளம் கட்ட முடியாது என்பது இதனால்தான்.

பெற்றோர் கவனத்திற்கு

வீணை வாங்கும்போது ஆசிரியரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. சாரணித் தந்தியை ஸட்ஜத்தில் கூட்டி, 7-ஆம் மெட்டில் பஞ்சமமும் 12-ஆம் மெட்டில் மேல் ஸட்ஜமும் சுத்தமாக ஒலிக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறகு 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்க்கவேண்டும். யாளியின் வண்ணத்தையும் வேலைப்பாட்டையும் அதன்பின் ரசிக்கலாம்.

வாங்கிய பின் காக்கவும் தெரிய வேண்டும். தேன்மெழுகு ஏறக்குறைய 62 பாகை செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை விட்டுச் சென்றால் மெட்டுகள் நகர்ந்துவிடும். நாள்பட்ட வீணைக்கு மேளத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியும் வரும். அதைச் செய்யத் தெரிந்த கை அருகில் இல்லாவிட்டால், ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்கிய வீணை வரவேற்பறை அலங்காரமாக நின்றுவிடும்.

வீணை வாசிக்கப் பிள்ளைகளை அனுப்பும் சமுதாயம், வீணையைப் பழுது பார்க்கவும் இரண்டொரு இளைஞர்களைப் பழக்க வேண்டும். தச்சு வேலையில் நாட்டமும் சுருதி ஞானமும் உள்ள ஒரு பிள்ளை தஞ்சாவூர் ஆசாரியிடம் சில காலம் தங்கிக் கற்று வந்தால், கிள்ளான் பள்ளத்தாக்கில் மூலையில் கிடக்கும் வீணைகள் பல மீண்டும் பேசும்.