தடய அறிவியல்: நம் பிள்ளைகள் கற்கத் தக்கதா?

திருச்சியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் துவாக்குடியைக் கடந்து செல்வோர், இது தொழிலும் கல்வியும் ஒருங்கே வாழும் ஊர் என்பதை எளிதில் உணர்வர். 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த நிலையம் ஒருபுறம். ‘பெல்’ என்று நாம் சுருக்கமாக அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும், அதனைச் சார்ந்து எழுந்த சிறு தொழிற்கூடங்களும் மறுபுறம். இவ்வட்டாரக் குடும்பங்களில் பிள்ளைகளின் மேற்படிப்பு என்றாலே பொறியியல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இந்நிலையில், வேதியியலிலோ உயிரியலிலோ இளநிலைப் பட்டம் பெற்ற மகள், “தடய அறிவியலில் எம்.எஸ்ஸி. படிக்க விரும்புகிறேன்” என்றால் வீட்டில் என்ன நிகழும்? “பிணத்தோடும் போலீசாரோடும் புழங்கும் வேலை நமக்கு எதற்கம்மா?” என்பார் தாய். “படித்தால் வேலை கிடைக்குமா?” என்பார் தந்தை. இரண்டும் நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு உண்மையான விடை காண்பதே நம் நோக்கம்.

கண்ணுக்குத் தெரியாத குறை

கொதிகலன் குழாய்களை இணைக்கும் தொழிலாளர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. வெல்டிங் வைத்த இணைப்பு மேலே பார்க்க வழவழப்பாக இருக்கலாம். உள்ளே நுண்ணிய வெடிப்பு மறைந்திருக்கலாம். ஆகவேதான் முக்கிய இணைப்புகளை எக்ஸ்ரே படம் எடுத்துச் சோதிக்கின்றனர். வேலை செய்தவர் நல்லவர், அனுபவசாலி என்பதனால் மட்டும் இணைப்பை ஏற்பதில்லை. சோதனையே முடிவு சொல்கிறது.

தடய அறிவியல் நீதியின் துறையில் செய்வதும் இதுவே. ஒருவர் கண்டதாகச் சொல்லும் சாட்சியம் மேலே பார்க்கத் திடமாக இருக்கலாம். அச்சமோ, பகையோ, மறதியோ அதனுள் மறைந்திருக்கலாம். இரத்தத் துளி, விரல்ரேகை, நஞ்சு கலந்த உணவு, துப்பாக்கிக் குண்டு, போலிக் கையெழுத்து, கைப்பேசியில் அழிக்கப்பட்ட செய்தி ஆகியவற்றை அறிவியல் முறையில் ஆராய்ந்து, அவை உணர்த்துவதை நீதிமன்றத்துக்கு எடுத்துரைப்பதே இக்கல்வியின் பணி.

பிணக்கூறு ஆய்வு செய்வது சட்ட மருத்துவம். அது மருத்துவப் பட்டம் பெற்றோருக்கு உரியது. தடய அறிவியல் கற்றோரில் பெரும்பாலோர் பணியாற்றுவது ஆய்வகத்தில். நுண்ணோக்கியும் வேதிப்பொருள்களும் கணினியுமே அவர்களின் கருவிகள். எனினும் குற்றம் நிகழ்ந்த இடத்துக்குச் செல்ல வேண்டிய கடமையும் சிலருக்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக்குப் புதிதல்ல

இத்துறை மேலைநாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை அன்று. நஞ்சினால் நேர்ந்த மரணங்களை ஆராயும் இரசாயன ஆய்வகம் 1849-ஆம் ஆண்டிலேயே சென்னையில் நிறுவப்பட்டது. 1897-இல் கல்கத்தாவில் தொடங்கிய விரல்ரேகைப் பிரிவு, உலகிலேயே இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. அங்கு ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்.

1952-இல் தமிழகத்தையே அதிரச் செய்த ஆளவந்தார் கொலை வழக்கைப் பெரியோர் சிலர் கேட்டிருப்பர். சென்னையிலிருந்து திருச்சி வழியாகச் சென்ற போட் மெயில் இரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் அதைத் திறந்தபோது உள்ளே தலையற்ற உடல். தலையோ சென்னை இராயபுரம் கடற்கரை மணலில் புதைந்து கிடந்தது. இரண்டும் ஒரே மனிதருடையவை என்பதையும் அவர் இன்னார் என்பதையும் அறிவியல் ஆய்வே நிலைநாட்டிற்று. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிய துணித்துண்டுகளையும் தடயங்களையும் ஆராய்ந்து, குண்டைத் தன் உடலில் கட்டி வந்தவர் ஒரு பெண் என்பதை உணர்த்தியவர், தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் இயக்குநராயிருந்த பி. சந்திரசேகரன். 2000-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

குற்றமற்றவரைக் காக்கும் கல்வி

குற்றவாளியைப் பிடித்துத் தருவதே இத்துறையின் பயன் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே.

1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் அறிஞர், மனிதரை மரபணுவால் அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்தார். அருகிலுள்ள சிற்றூர்களில் 1983-இலும் 1986-இலும் இரு சிறுமியர் கொல்லப்பட்டிருந்தனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன், இரண்டாம் கொலையைத் தானே செய்ததாகக் காவலரிடம் ஒப்புக்கொண்டான். ஆனால் மரபணுச் சோதனை, இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்றும், அவன் இந்த இளைஞன் அல்லன் என்றும் காட்டிற்று. உண்மைக் குற்றவாளி பின்னர் பிடிபட்டு 1988-இல் தண்டனை பெற்றான். கொலை வழக்கில் மரபணுச் சோதனை முதன்முதலாகச் செய்த பணி, குற்றமற்ற ஒருவனைச் சிறையினின்று மீட்டதே என்பது நம் சிந்தனைக்கு உரியது அன்றோ!

விவிலியத்தை அறிந்த நமக்கு இது அந்நியமான செய்தி அன்று. தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவை நினைத்துப் பாருங்கள். மதிப்புமிக்க முதியோர் இருவர் சாட்சி சொன்னார்கள், மக்கள் நம்பினார்கள், மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. இளைஞன் தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள் என்று வினவினான். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் சொன்னார்கள், பொய் வெளிப்பட்டது. சாட்சி சொன்னவரின் மதிப்பை அளவாகக் கொள்ளாமல், சொன்ன சாட்சியைச் சோதித்த தானியேலின் வழியே இக்கல்வியின் வழியும்.

ஆனால் ஆய்வாளரும் மனிதரே. 2004-இல் ஸ்பெயினின் மத்ரித் நகர இரயில்களில் குண்டு வெடித்தபோது, கிடைத்த விரல்ரேகை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வு நிபுணர்களே தவறாக உறுதி கூறினர். ஒரு தொடர்புமற்ற அவர் இரு வாரம் காவலில் கிடந்தார். எனவே இத்துறைக்கு வருபவரிடம் அறிவுக்கூர்மை மட்டும் போதாது. தெரிந்ததைத் தெரிந்த அளவே சொல்லும் மனச்சான்று வேண்டும். பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை, ஆய்வக மேசையிலும் நம்மைப் பின்தொடர்கிறது.

பெயரற்றோருக்குப் பெயர்

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நம் கடற்கரை மறக்காது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணி அன்னையை நாடி வந்த திருப்பயணிகளும் அலைவாய்ப்பட்டனர். யாரென்று அறியப்படாமலேயே பொதுக்குழிகளில் அடக்கமானோர் பலர். தம் மகன் எந்தக் குழியில் உறங்குகிறான் என்று அறியாத தாய்க்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றவும் இடமில்லை.

அதே பேரலையில் தாய்லாந்தில் மாண்டோரைப் பற்கள், விரல்ரேகை, மரபணு ஆகியவற்றைக் கொண்டு பன்னாட்டு அறிஞர் குழுக்கள் பல மாதம் உழைத்து அடையாளம் கண்டு, உரியவர்களிடம் ஒப்படைத்தன. நினிவே நகரில், தன் இனத்தார் உடல்களைத் தேடியெடுத்து அடக்கம் செய்த தோபித்து நம் நினைவுக்கு வருகிறார். இறந்தோரை அடக்கம் செய்தலை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை போற்றுகிறது. இறந்தவருக்கு அவர் பெயரை மீட்டுத் தருவதும் அந்த இரக்கத்தின் ஒரு கிளையே. பிணத்தோடு புழங்கும் வேலை என்று தயங்கும் தாய்க்கு நாம் சொல்லும் விடை இதுதான்.

தந்தையின் கேள்விக்கு விடை

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நிகழ்விடத்துக்குச் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதனை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. தேவை பெருகும் என்பது இதனால் தெளிவு. ஆனால் தேவை பெருகுவதும் அரசுப் பணியிடம் பெருகுவதும் ஒன்றல்ல. சென்னையில் தலைமை ஆய்வகமும், திருச்சி உட்படப் பல நகரங்களில் வட்டார ஆய்வகங்களும் இருப்பினும், பணியிடங்கள் அளவானவையே.

ஆதலால் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, அடிப்படை. இளநிலையில் வேதியியல், இயற்பியல், உயிரியல், கணினி ஆகியவற்றுள் ஒன்றில் ஆழ்ந்த புலமை பெற்றவருக்கே இம்மேற்படிப்பு பயன்தரும். தடய வேலை கிட்டாவிடினும், மருந்து அல்லது உணவு ஆய்வுக் கூடத்திலோ ஆசிரியப் பணியிலோ அப்புலமை கைகொடுக்கும்.

இரண்டாவது, நிலையம். மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம் 1959-இலேயே இத்துறையைத் தொடங்கியது. குஜராத்தின் காந்திநகரில் 2009-இல் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தோன்றியது, 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாயிற்று. இப்போது தனியார் நிலையங்கள் பலவும் இப்பட்டத்தை விளம்பரம் செய்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா, சொந்த ஆய்வகம் உண்டா, அரசு ஆய்வகத்தில் பயிற்சி உண்டா, முன்பு பயின்றோர் இன்று எங்கே பணிபுரிகின்றனர் என்று நேரில் கேட்டறிந்த பின்னரே கட்டணம் செலுத்துக. நகையை அடகு வைத்துச் செலுத்தும் பணத்துக்கு இவ்வளவு கேட்கும் உரிமை உண்டு.

மூன்றாவது, தேர்வாணையம். தமிழ்நாட்டில் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. முந்தைய அறிவிப்புகளில் எந்தப் பட்டம் கேட்கப்பட்டது என்பதைப் படித்துப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தால் பிற்பாடு ஏமாற்றம் இராது.

இறுதியாக, பிள்ளையின் மனத்திண்மை. தொலைக்காட்சித் தொடரில் ஒரு மணி நேரத்தில் துலங்கும் மர்மம், ஆய்வகத்தில் வாரக்கணக்கில் பொறுமையைக் கேட்கும். நீதிமன்றக் கூண்டில் வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். விலை பேச வருவோரும் இருக்கக்கூடும். அவர்களை மறுக்கும் துணிவு பல்கலைக்கழகத்தில் கிடைப்பதன்று. சிறு பொய்யையும் பொறுக்காத வீட்டில்தான் அது வளரும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னும் மகள் அதே விருப்பத்தோடு நின்றால், பெற்றோரே, அவளைத் தடுக்காதீர்கள். உண்மைக்குச் சாட்சியம் பகர வந்தவர் நம் ஆண்டவர். அவரோ பொய்ச்சாட்சிகளின் நடுவே தீர்ப்பிடப்பட்டார். அத்தகைய தீர்ப்பு இன்னொருவர்மேல் விழாமல் காக்கும் பணிக்கு நம் பங்கிலிருந்து ஒரு பிள்ளை புறப்படுமானால், அவ்வீட்டை இறைவன் ஆசீர்வதிப்பாராக!