குறைந்த செலவில் ராலி: முதல் டயர், பிறகு கார்

“ராலி ஓட்டணும், கையில ரெண்டு லட்சம் இருக்கு, என்ன கார் வாங்கலாம்?” இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கேட்பவர் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன இளைஞர். அந்த ரெண்டு லட்சம் சீட்டு எடுத்த பணமாக இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்ததாக இருக்கும். அதனால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் பதில் சுருக்கமானது. முதல் வருடம் கார் வாங்காதீர்கள், டயர் வாங்குங்கள். ஏன் என்பதுதான் கீழே இருப்பது.

எந்த ராலி?

ராலி என்ற ஒரே பெயரில் நம் நாட்டில் இரண்டு வேறு விளையாட்டுகள் நடக்கின்றன. ஒன்று டி.எஸ்.டி. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்குப் போட்டு ஓட்டுவது. பொதுச் சாலையில், பஸ்ஸுக்கும் ஆட்டுக்கும் நடுவே, அமைப்பாளர்கள் கொடுத்த சராசரி வேகத்தில் போகணும். வழியில் எங்கேயோ மறைந்திருக்கும் நேரச் சாவடிக்குக் குறித்த நொடியில் வந்து சேரணும். முந்தினாலும் தண்டனை, பிந்தினாலும் தண்டனை. இங்கே வேகமாகப் போவதற்கு மதிப்பே கிடையாது.

மற்றொன்று ஸ்டேஜ் ராலி. போக்குவரத்தை முழுக்க நிறுத்திய பாதையில் ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் முன்னால். தேசிய ராலி சாம்பியன்ஷிப் இந்த வகை. நாட்டில் மோட்டார் விளையாட்டை ஒழுங்குபடுத்துவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் கூட்டமைப்பு. சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், கோவையில் கோயம்புத்தூர் ஆட்டோ ஸ்போர்ட்ஸ் கிளப் என்று நம் பக்கத்திலேயே பழைய கிளப்புகள் இருப்பது நமக்கு ஒரு வசதி.

ஸ்டேஜில் ஓட்ட ரோல் கேஜ், பல முனை பெல்ட், தீப்பிடிக்காத உடை, தகுந்த ஹெல்மெட், தீயணைப்பான், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். காரின் விலையை இந்தப் பட்டியலே தாண்டிவிடும். டி.எஸ்.டி.க்கு இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை. ஆகவே ஆரம்பம் டி.எஸ்.டி.யில்தான்.

டி.எஸ்.டி.க்கு வீட்டுக் கார் போதும்

ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 எதுவானாலும் சரி. பிரேக், ஸ்டியரிங், கூலிங் மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும். எஞ்சினில் கை வைக்க வேண்டியதே இல்லை. காரை விட இங்கே முக்கியம் இரண்டு: பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும் நேவிகேட்டர், அப்புறம் ஓடோமீட்டர்.

ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிறது. டயர் சிறுத்தால் கணக்கு மாறிவிடும். 165/80 ஆர்14 அளவு டயரின் விட்டம் புதிதில் சுமார் 620 மி.மீ. தேய்ந்து ஐந்து மி.மீ. ரப்பர் போனால் விட்டம் 610. வித்தியாசம் 1.6 சதவீதம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 100 கி.மீ. ஓடியிருக்கும்போது உங்கள் மீட்டர் 101.6 காட்டும். சராசரி வேகம் 40 என்றால் அந்த 1.6 கி.மீ.க்கு 2 நிமிடம் 24 நொடி. நொடிக்கணக்கில் புள்ளி போகிற விளையாட்டில் இது பெரிய ஓட்டை.

இதற்காகத்தான் போட்டித் தொடக்கத்தில் ஓடோமீட்டர் சரிபார்க்க ஒரு பகுதி கொடுப்பார்கள். ரோடு புக்கில் உள்ள தூரத்தையும் உங்கள் மீட்டர் காட்டும் தூரத்தையும் ஒப்பிட்டு ஒரு காரணி எடுத்துக்கொள்ளணும். அதற்குப் பிறகு வேறு அளவு ஸ்டெப்னியை டிரைவிங் சக்கரத்தில் மாட்டினால் அந்தக் காரணி செத்தது. ஸ்டெப்னியும் மற்ற நான்கும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கணும் என்று சொல்வது இதனால்தான்.

டயர்: அளவை மாற்றாதீர்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் செய்ய நினைப்பது பெரிய அலாய், அகல டயர். பார்க்க நல்லாத்தான் இருக்கும். கணக்கைப் பாருங்க. 165/80 ஆர்14 டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 132 மி.மீ. ரப்பர் சுவர் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 195/50 ஆர்15 போட்டால் சுவர் 97.5 மி.மீ. ஆகிவிடும். விட்டமும் 576-க்கு இறங்கும். கார் தரையை நோக்கி 22 மி.மீ. தாழும். செம்மண் பாதையில் ஒரு கல் எகிறி வந்தால் முன்பு டயர் வாங்கிக்கொண்ட அடியை இனி ரிம் வாங்கும். ஆயில் சம்ப்பும் கல்லுக்கு அவ்வளவு கிட்டே போயிருக்கும்.

அகலமும் எப்போதும் நல்லதில்லை. மேலே தளர்ந்த ஜல்லி, கீழே இறுகிய மண் என்றிருக்கும் பாதையில் ஒடுங்கிய டயர் தளர்ந்ததைக் கிழித்துக்கொண்டு இறுகியதைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதக்கும். கிராவல் ராலி டயர்கள் ஒடுங்கி, உயரச் சுவரோடு, பெரிய பட்டன்களும் நடுவே நல்ல இடைவெளியுமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தார்ச் சாலையில் இது தலைகீழ்: அங்கே பிடிப்பு ரப்பர் கலவையிலிருந்தும் தரையைத் தொடும் பரப்பிலிருந்தும் வருகிறது.

ஒரு விஷயம் குழப்பம் தரலாம். 2022 ஐரோப்பிய ராலி சாம்பியன் எஃப்ரேன் யரேனா ஓட்டியது சென்னை கம்பெனியான எம்.ஆர்.எஃப். டயரில். கௌரவ் கில் ஆசிய பசிபிக் பட்டங்களை வென்றதும் அந்த அணியில்தான். ஆனால் அந்த டயரும் நம்ம ஊர் கடையில் அதே பெயரில் தொங்கும் டயரும் ஒன்றல்ல. ராலி டயரின் கலவை வேறு, சுவரின் கட்டுமானம் வேறு. பெயரைப் பார்த்து வாங்காமல் வேலையைப் பார்த்து வாங்குங்கள்.

டி.எஸ்.டி.க்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கம்பெனி கொடுத்த அளவிலேயே, நான்கும் ஒரே மாடலில், நல்ல பட்டனோடு சாதாரண டயர். லோடு எண் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. வாங்கும்போது சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பிறகு கடைசியில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2423 என்றால் 2023-ம் வருடம் 24-வது வாரம் செய்தது. பார்க்கப் புதிதாக இருந்தும் வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த டயர் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ரீட்ரேட் வேண்டவே வேண்டாம்.

காற்று: கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் பிடியுங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். அதனால் ஓடிச் சூடான டயரில் அளந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். “மண்ணுல பிடிப்பு வரும், காத்தக் குறைச்சுக்கோ” என்று யாராவது சொல்வார்கள். மணலில் சரி. கல் கிடக்கும் பாதையில் காற்றுக் குறைந்த டயர், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி வெட்டுப்படும்.

இரண்டாம் வருடம்: ஸ்டேஜுக்குக் கார்

ஒரு வருடம் டி.எஸ்.டி. ஓட்டி முடித்தும் ஆசை குறையவில்லை என்றால் அப்போது கார் தேடலாம். முதலில் அந்த வருட விதிப்புத்தகம். எந்த மாடல் எந்த வகுப்பில் அனுமதி என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மாருதி எஸ்டீம், பலேனோ இரண்டும் ஒரு காலத்தில் நம் ராலிப் பாதைகளில் சகஜம். எஸ்டீம் 900 கிலோவைத் தொடாத எடை, எளிய எஞ்சின், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் பழைய பலேனோவும் எஸ்டீமும் 2007-உடன் தயாரிப்பு நின்றவை. ஆகவே பதிவின் 15 வருடம் தாண்டிவிட்டது. எஃப்.சி. எடுத்து ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவே பொதுச் சாலையில்தான் ஓட்டிப் போகணும். அங்கே சாதாரண போக்குவரத்துச் சட்டம்தான். போலோ பின்னாளில் நம் ராலிகளில் நிறைய ஓடிய கார். ஓட்ட அருமை, உதிரிபாகச் செலவு கனம். ஜிப்ஸி உறுதியானது, ஆனால் லீஃப் ஸ்பிரிங்கோடு உயரமாக நிற்கும் வண்டி, முதல் பாடம் படிக்க ஏற்றதல்ல. பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் இவற்றுக்கு நடுவே வருகிறது: எடை ஆயிரம் கிலோவை ஒட்டி, உதிரிபாகம் எந்த ஊரிலும்.

எதைப் பார்த்தாலும் எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். எஞ்சினை மாற்றலாம், பாடியை மாற்ற முடியாது. பானெட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேல் முனை இறங்கும் இடத்தில் விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கிறதா, தரைத்தகட்டில் துரு இருக்கிறதா, நான்கு சக்கரமும் நேர்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள்.

சாதாரணக் காரை வாங்கி ராலிக்குத் தயார் செய்வதை விட, வேறு ஒருவர் தயார் செய்து ஓட்டி முடித்த காரை வாங்குவது பெரும்பாலும் மலிவு. கேஜ் போட்ட செலவை யாரும் முழுசாகத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் கேஜின் வெல்டிங்கை விதி தெரிந்தவரிடம் காட்டுங்கள். பெல்ட் லேபிளில் காலாவதி வருடம் அச்சிட்டிருக்கும். அது முடிந்திருந்தால் அந்தக் காசைக் கழித்துப் பேசுங்கள்.

பணம் பிரிக்கும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தத்தில் பாதிக்கு மேல் காருக்குப் போகக் கூடாது. மீதியில் முதல் பங்கு உங்கள் தலைக்கும் கழுத்துக்கும். அடுத்தது டயரும் ரிம்மும். பிறகு சம்ப் கார்டு, ஷாக் அப்சார்பர், நுழைவுக் கட்டணம். கடைசியில் மிஞ்சினால் எஞ்சின்.

யாரும் சொல்லாத ஒன்று

உங்கள் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில் பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பு இல்லை என்று எழுதியிருக்கும். டி.எஸ்.டி. மெதுவாகத்தானே என்று நாம் நினைப்போம். இழப்பீடு கேட்கும் நாளில் அவர்கள் அப்படி நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போட்டிக்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் அமைப்பாளரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்பா பெயரில் இருக்கும் காரை எடுத்துப் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். விபத்தில் வேறு ஒருவருக்கு அடிபட்டால் நோட்டீஸ் அப்பா பெயருக்குத்தான் வரும்.

இன்னொன்று. ஸ்டேஜ் ஓட்டப் பழகுகிறேன் என்று விடியற்காலையில் ஊர்ச் சாலையில் காரை விரட்டாதீர்கள். அங்கே பால்காரர் வருவார். மூடிய பாதை கிடைக்கும் வரை கணக்கைப் பழகுங்கள், டயர் மாற்றப் பழகுங்கள். ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாட்ட உங்களுக்கும் நேவிகேட்டருக்கும் சேர்த்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பாருங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.