லயத்து வீட்டில் ஒரு மருந்துப் பெட்டி

முற்காலத்தில் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலே ஒருவருக்குக் கையில் வெட்டுப்பட்டால், அவர் முதலில் தேடி ஓடியது டாக்டரையன்று, தோட்டத்து டிரசரைத்தான். காயத்தைக் கழுவி, மஞ்சள் மருந்து தடவி, துணி சுற்றி, அவசியமானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த அந்த மனிதரே லயத்து ஜனங்களுக்குப் பிரதம வைத்தியராக விளங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனையாகி, பல குடும்பங்கள் பாடாங் செராய், லூனாஸ் முதலிய ஊர்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்நாளில், டிரசர் செய்த காரியத்தின் முதற்பாதியை வீட்டாரே செய்தாக வேண்டியிருக்கிறது. பாடாங் மேஹா போன்ற ஓர் இடத்திலிருந்து 999-ஐ அழைத்த பின்பு, ஆம்புலன்ஸ் வந்துசேரும் வரையில் கழியும் நிமிஷங்களுக்காகவே வீட்டில் ஒரு மருந்துப் பெட்டி வேண்டும் என்கிறேன்.

கடையில் ஆயத்தமாக விற்கும் பெட்டிகளில் சிறு பிளாஸ்டர்கள் மிகுதியாகவும், பெரிய காயத்துக்கு வேண்டிய துணி குறைவாகவும் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். குலை வெட்டும் அரிவாளோ பால்வெட்டுக் கத்தியோ உண்டாக்கும் காயம் பிளாஸ்டருக்கு அடங்குவதன்று. சுத்தமான காஸ் துணியை மடித்து வைத்து, இடையில் தூக்கிப் பார்க்காமல், பத்து நிமிஷம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதே ரத்தத்தை நிறுத்தும் வழி. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். ஆகவே காஸ் துணி தாராளமாகவும், சுருள் கட்டுத்துணி மூன்று நான்கும், ஒட்டுநாடா, கத்தரிக்கோல், ரப்பர்க் கையுறை ஆகியவையும் பெட்டியில் இருக்கட்டும்.

இவற்றோடு முக்கோணத் துணி இரண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய சஸ்திர வைத்தியர் எஸ்மார்க் பிரசித்தமாக்கிய இத்துணியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய வெள்ளை வேட்டியில் ஒரு மீட்டர் சதுரம் கிழித்து, மூலைக்கு மூலை வெட்டி, கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி மடித்து வைத்தால், ஒடிந்த கையைக் கழுத்தோடு தாங்கிக் கட்டுவதற்கு அதைவிடச் சிறந்த சாதனம் கிடையாது.

செம்பனை மட்டையின் முள் குத்திய இடம் வெளியே சிறியதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். இடுக்கியும், சோப்பும், நல்ல தண்ணீரும் போதும் என்று நினைத்துவிடாமல், டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷம் கடந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வடபகுதித் தோட்டங்களின் விசேஷ ஆபத்து ஒன்றுண்டு. மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்றழைக்கும் குழிவிரியன், உதிர்ந்த இலைகளின் நிறத்தோடு கலந்து, காலடியில் மிதிபடும் வரையில் அசையாமல் கிடப்பது. பினாங்கில் பணிபுரிந்த டாக்டர் அலிஸ்டெர் ரீட் 1963-இல் இதன் கடியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இதன் விஷம் ரத்தம் உறையும் தன்மையையே கெடுப்பதால், கடித்த இடத்தைப் பிளேடால் கீறுகிறவர் நிற்காத ரத்தப்போக்கைத் தாமே தொடங்கிவைக்கிறார். இறுக்கக் கயிறு கட்டுகிறவரோ, வீங்கிவரும் அவயவத்துக்கு ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடுகிறார். கொலுசையும் மோதிரத்தையும் உடனே கழற்றி, காலை அசையாதபடி ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கூலிமுக்கோ சுங்கை பட்டாணிக்கோ போவதுதான் முறை.

தீப்புண்ணில் பற்பசையும் கிச்சாப்பும் தடவும் பழக்கத்தைக் காணும்போதெல்லாம் மனம் பதறுகிறது. குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடுவதே சிகிச்சை. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஆசிட் கண்ணில் தெறித்தாலும் தண்ணீர்தான், அதுவும் உடனே. கோடாலித் தைலத்தைத் தலைவலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், புண்ணருகே கொண்டுபோகாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே இருக்கட்டும். டெங்கியாயிருந்தால் ஆஸ்பிரின் ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

பெட்டிக்கு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா போதும். சமையலறையின் ஈரத்தில் வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத, ஆனால் பூட்டில்லாத ஒரு தட்டில் வையுங்கள். மூடியின் உட்புறத்தில் 999 என்ற எண்ணையும், அவசரத்துக்குக் கார் தரக்கூடிய அண்டை வீட்டாரின் எண்ணையும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் டெட்டனஸ் ஊசி போட்ட வருஷத்தையும் எழுதி இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.