காப்பீட்டு முகவரும் சட்டமும்: நோயாளிகள் அறிய வேண்டியவை

ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியின் தரம் அதை வாங்கும் நாளில் விளங்குவதில்லை. மருத்துவமனையில் சேரும் நாளில்தான் விளங்குகிறது. இடைப்பட்ட காலம் சில மாதங்களாகவும் இருக்கலாம், பல ஆண்டுகளாகவும் இருக்கலாம். பாலிசியை எடுத்துக் கொடுத்தவர் அன்று உடன் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. வாங்கும்போது அவர் வாய்மொழியாகச் சொன்னவற்றுக்குச் சான்றும் இருப்பதில்லை. எஞ்சுபவை இரண்டே தாள்கள்: நீங்கள் கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவம் ஒன்று, மருத்துவர் எழுதும் நோய்க்குறிப்பு மற்றொன்று. இவை இரண்டும் முரண்படும்போது இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. சிகிச்சைச் செலவு முழுவதும் குடும்பத்தின் மீது விழுகிறது.

இந்நிலை வராமல் காத்துக்கொள்ள, காப்பீடு பெற உதவுபவர்களை அரசு எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்பதையும், அந்தப் பாதுகாப்பு எந்த இடத்தில் முடிந்து நமது பொறுப்பு தொடங்குகிறது என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

யாருக்கு விற்கும் உரிமை உண்டு?

நம் நாட்டில் காப்பீட்டுத் துறை 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் கீழும், 1999ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையச் சட்டத்தின் கீழும் இயங்குகிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனப்படும் அந்த ஆணையம் ஹைதராபாத்தில் உள்ளது. அதன் விதிகளின்படி தகுதி பெறாத எவரும் காப்பீட்டை விற்கவோ, அதற்காகக் கமிஷன் பெறவோ இயலாது. தகுதி பெற்றவர்களிலும் பல வகையினர் உண்டு. ஒவ்வொருவரும் யார் சார்பில் பேசுகிறார் என்பதே முதன்மையான வேறுபாடு.

தனிநபர் முகவர் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பாளர். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்ற அளவிலேயே பணியாற்ற முடியும். ஆகவே "சந்தையில் இதுவே சிறந்த பாலிசி" என்று அவர் கூறினால், தம்மிடம் உள்ள ஓரிரு நிறுவனங்களின் பாலிசிகளுள் சிறந்தது என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

வங்கிகள் நிறுவன முகவர்களாகப் பதிவு பெறுகின்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒரு வங்கி ஒவ்வொரு பிரிவிலும் 9 நிறுவனங்கள் வரை சேர்ந்து செயல்படலாம். வங்கியிலும் உரிய பயிற்சியும் சான்றிதழும் பெற்ற ஊழியரே பாலிசி விற்கலாம். கடன் வேண்டுமானால் பாலிசி எடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது விதிகளுக்கு முரணானது.

தரகர் சட்டப்படி வாடிக்கையாளரின் சார்பாளர். எந்த நிறுவனத்தின் பாலிசியையும் அவர் பரிந்துரைக்கலாம். பல பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்களுக்கும் தனி விதிகள் உள்ளன. விற்பனை முனையாளர் என்ற வகையினர் 15 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்து, எளிய, முன்னரே வரையறுக்கப்பட்ட பாலிசிகளை மட்டும் விற்பவர்கள்.

மருத்துவமனையில் நீங்கள் சந்திக்கும் இருவர் இந்தப் பட்டியலில் இல்லை. டி.பி.ஏ. எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகி, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் அமைப்பு. அது பாலிசி விற்பதில்லை. எங்கள் காப்பீட்டு உதவி மையத்தினரும் உங்கள் ஆவணங்களை உரியவர்களுக்கு அனுப்பிவைப்பவர்களே. பாலிசியில் இல்லாத ஒன்றைப் பெற்றுத் தர அவர்களால் இயலாது.

ஊதியம் எங்கிருந்து வருகிறது?

மேற்கூறிய விற்பனையாளர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு செய்தி உண்டு. அவர்களுக்கான கமிஷன் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே வருகிறது. வாடிக்கையாளரின் சார்பாளரான தரகருக்கும் அவ்வாறே. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மக்களுக்குக் காப்பீடு தேர்ந்தெடுக்க உதவும் வழிகாட்டிகளுக்கு மானியம் வழங்கப்படுகிறது. அவர்கள் காப்பீட்டு நிறுவனங்களிடம் கமிஷன் பெறக் கூடாது. நம் நாட்டில் பாலிசி வாங்கும் குடும்பம் அத்தகைய வழிகாட்டியை எதிர்பார்க்க இயலாது. பெரும்பாலும் விற்பவரே ஆலோசகராகவும் இருக்கிறார்.

இதனால் முகவர்கள் அனைவரும் ஐயத்துக்குரியவர்கள் என்று கருதுதல் தவறு. இரவு நேரத்திலும் மருத்துவமனைக்கு வந்து, ஆவணங்களைச் சேர்த்துக் கொடுத்து, குடும்பத்தினருக்குத் துணை நிற்கும் முகவர்கள் பலர் உள்ளனர். ஆயினும் பாலிசி விற்கும்போதே கமிஷன் உறுதியாகிவிடுகிறது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் அதன் சுமை நோயாளிக்கே. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பவே நடத்தை விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

விதிகள் விற்பவரிடம் எதிர்பார்ப்பவை

முகவர் தாம் எந்த நிறுவனத்தைச் சார்ந்தவர் என்று கூற வேண்டும். கேட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். உங்கள் தேவையைக் கருத்தில் கொண்டே பாலிசியைப் பரிந்துரைக்க வேண்டும். படிவத்தில் கேட்கப்படும் விவரங்களின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டும். கமிஷன் எவ்வளவு என்று நீங்கள் கேட்டால் தெரிவிக்க வேண்டும்.

அவர் செய்யக் கூடாதவையும் உள்ளன. உண்மையான விவரத்தை விட்டுவிடவோ, தவறான விவரத்தை எழுதவோ உங்களைத் தூண்டக் கூடாது. பழைய பாலிசியைக் கைவிட்டுத் தம்மிடம் புதிய பாலிசி எடுக்குமாறு வற்புறுத்தக் கூடாது. இழப்பீட்டுத் தொகையில் பங்கு கேட்கக் கூடாது. தம் கமிஷனில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகத் தருவதாகக் கூறுவதும் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி தடைசெய்யப்பட்டது. அத்தள்ளுபடியை ஏற்பவருக்கும் அத்தடை பொருந்தும்.

தொலைபேசியில் அழைத்து, தாம் ஆணையத்திலிருந்து பேசுவதாகக் கூறி போனஸ் தருவதாக ஒருவர் சொன்னால், அது ஏமாற்று. ஆணையம் எந்தப் பாலிசியையும் விற்பதில்லை, போனஸும் அறிவிப்பதில்லை.

"அதை எழுத வேண்டாம்" என்னும் ஆலோசனை

இனி, மருத்துவர் என்ற முறையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருப்பதைப் படிவத்தில் எழுதினால் பாலிசி கிடைக்காது, அல்லது பிரீமியம் உயரும். ஆகவே எழுத வேண்டாம் என்று சிலர் ஆலோசனை கூறுகின்றனர். இது விதிகளுக்கு மாறானது என்பதை மேலே கண்டோம். ஆனால் அந்த விதி பின்னாளில் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். படிவத்தின் கீழ் இருப்பது உங்கள் கையெழுத்து. படிவத்தைப் பிறர் நிரப்பினாலோ, ஆங்கிலப் படிவத்தில் நீங்கள் தமிழில் கையெழுத்திட்டாலோ, "எனக்கு அனைத்தும் விளக்கப்பட்டன, நான் புரிந்துகொண்டேன்" என்ற உறுதிமொழியும் அதே தாளில் பெறப்படுகிறது. அதன்பின் முகவர் எழுதவில்லை என்ற வாதம் நிலைபெறுவது கடினம்.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை தெளிவாகும். ஒரு வழக்கில், 1990ஆம் ஆண்டு மெடிக்ளைம் பாலிசி எடுத்த ஒருவர் தமக்கிருந்த சர்க்கரை நோயையும் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பையும் படிவத்தில் தெரிவிக்கவில்லை. அவர் இறந்தபின் குடும்பத்தினர் கோரிய இழப்பீடு மறுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு சரியே என்று தீர்ப்பளித்தது. மற்றொரு வழக்கில், வெளிநாட்டுப் பயணத்துக்காகப் பாலிசி எடுத்தவர் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிவித்து, மருத்துவப் பரிசோதனையும் செய்துகொண்டார். பயணத்தின்போது மாரடைப்பு ஏற்பட்டது. நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தெரிவிக்கப்பட்ட உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி வழங்கிய நிறுவனம், பின்னர் அதே உடல்நிலையைக் காரணம் காட்டி விலக முடியாது என்பது அதன் சாரம்.

கணக்காகப் பார்த்தாலும் இதுவே சரி. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், 2024ஆம் ஆண்டு முதல் அதிகபட்சம் 36 மாதங்கள் எனக் குறைக்கப்பட்டுள்ளது. உண்மையைத் தெரிவித்தால், சில நிறுவனங்கள் மறுக்கலாம், பிரீமியம் சற்றுக் கூடலாம். பாலிசி கிடைத்துவிட்டால் நீங்கள் இழப்பது அந்த நோய்க்கான அதிகபட்சம் 3 ஆண்டுக் காத்திருப்பு மட்டுமே. மறைத்தால் பாலிசி முழுவதுமே ரத்தாகக்கூடும். 60 மாதங்கள் இடைவிடாமல் பாலிசி தொடர்ந்தபின், மறைத்தார் என்று கூறிக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அப்பாதுகாப்பு இல்லை.

நோய்க்குறிப்பை ஏன் மாற்ற இயலாது?

நோயாளி அனுமதிக்கப்படும்போது, எந்த நோய் எத்தனை ஆண்டுகளாக உள்ளது, எந்த மருந்துகள் உட்கொள்ளப்படுகின்றன என்று கேட்டு எழுதுகிறோம். கோரிக்கை மறுக்கப்பட்டபின், "8 ஆண்டுகள் என்பதை அண்மையில் கண்டறியப்பட்டது என மாற்றித் தாருங்கள்" என்று குடும்பத்தினர் வேண்டுவதுண்டு. அவர்களின் துயரம் எங்களுக்குப் புரிகிறது. எனினும் அது இயலாது. உண்மைக்கு மாறான சான்று அளிப்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி தொழில்முறைக் குற்றம்.

அதனினும் முதன்மையான காரணம் நோயாளியின் உயிர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சிறுநீரகமும் கண்ணின் விழித்திரையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆஞ்சியோகிராம் போன்ற பரிசோதனைக்குச் செலுத்தும் சாயம், மயக்க மருந்து, வலி நிவாரணிகள் ஆகியவற்றை அதைக் கருதியே நாங்கள் முடிவு செய்கிறோம். காப்பீட்டுக்கு அஞ்சி எங்களிடமும் நோயை மறைத்தால், அந்த முடிவுகள் பிழையாகிவிடும். படிவத்தில் மறைக்கப்பட்ட ஒரு சொல் இவ்வாறு சிகிச்சை அறை வரை வந்து சேர்கிறது.

படிவத்தைச் சரியாக நிரப்ப உங்கள் மருத்துவ ஆவணங்களே துணை. உள்நோயாளியாக இருந்ததற்கான ஆவணங்களை மருத்துவமனைகள் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் குறிப்பு, நடப்பு மருந்துச் சீட்டு, அண்மைப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை எதிரில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். அறுவைச் சிகிச்சைகளின் ஆண்டையும் குறிப்பிடுங்கள்.

பாலிசி கைக்கு வந்தபின்

பாலிசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள் உங்களுக்கு மறுபரிசீலனைக் காலம் உண்டு. அதற்குள் பாலிசியைத் திருப்பி அளித்து, சில கழிவுகள் போகப் பிரீமியத்தைப் பெறலாம். அந்த 30 நாட்களில் மூன்றைச் செய்யுங்கள். முதலாவது, முன்மொழிவுப் படிவத்தின் நகலைப் பெற்று, நீங்கள் கூறிய நோய்கள் அனைத்தும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இரண்டாவது, வாடிக்கையாளர் தகவல் தாள் என்ற சுருக்கக் குறிப்பைப் படியுங்கள். விரும்பினால் அதைத் தமிழில் கேட்டுப் பெறலாம். மூன்றாவது, அறை வாடகை வரம்பு, நோயாளி ஏற்க வேண்டிய பங்கு, காத்திருப்புக் காலம் ஆகிய மூன்றையும் தனித்தாளில் எழுதிப் பாலிசியுடன் இணைத்து வையுங்கள்.

நிறுவனத்தை மாற்ற விரும்பினால், போர்ட்டபிலிட்டி முறையில் மாறுங்கள். பழையதைக் காலாவதியாக விட்டுப் புதிதாக வாங்கினால், முன்பு கடந்த காத்திருப்புக் காலத்தின் பயன் போய்விடும்.

முறையிடும் வழி

நிறுவனமோ முகவரோ தவறிழைத்ததாகக் கருதினால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அடுத்து, ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலோ, 155255 அல்லது 1800 4254 732 என்ற கட்டணமில்லா எண்களிலோ முறையிடலாம். ஒரு மாதத்துக்குள் தீர்வு கிட்டாவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவர் அலுவலகம் ஒன்று சென்னையில் உள்ளது. அங்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முகவர்கள், தரகர்கள் ஆகியோரின் சேவைக் குறைபாடுகள் பற்றியும் அவரிடம் முறையிடலாம். நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் அவரை அணுக வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு இவ்வளவு நடைமுறைகள் தேவையில்லை. தகுதியுள்ள குடும்பங்கள் அதற்குப் பிரீமியம் செலுத்துவதில்லை, முகவரும் இல்லை. அட்டை பெற்றுத் தருவதாக எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். 1800 425 3993 என்ற எண்ணில் விவரம் கேட்டறியுங்கள்.

புதிதாகப் பாலிசி எடுக்க எண்ணியுள்ளோர், அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது முன்மொழிவுப் படிவத்தையும் உடன் கொண்டுவரலாம். எந்தப் பாலிசி சிறந்தது என்று மருத்துவர் கூற இயலாது. ஆனால் உங்கள் நோயின் பெயர், அது தொடங்கிய ஆண்டு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய மூன்றையும் பிழையின்றி எழுதித் தருவது எங்கள் கடமை, தயங்காமல் கேளுங்கள்.