இலிதிய மின்கலமும் அதனைப் பேணும் முறையும்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாற்றை அண்டி அமைந்தது ஈச்சிலம்பற்று. வேளாண்மையும் மீன்பிடியுமே ஆங்குள்ளோரின் பெருந்தொழில்கள். இரவில் வயற்காவலுக்குச் செல்லும் கமக்காரரும் களப்பில் வலைவீசும் மீனவரும் முன்னாளில் அரிக்கன் விளக்கையும் உலர்மின்கல மின்சூளையும் நம்பியிருந்தனர். இந்நாளில் நெற்றியிற் கட்டும் விளக்கினுள் பெரும்பாலும் இருப்பது விரலளவேயான இலிதிய அயன் மின்கலமாகும். இளைஞர் சிலரைக் கவர்ந்துள்ள இலத்திரன் சிகரெட்டினுள் இருப்பதும் இவ்வினத்துக் கலமே. யானை வயலில் இறங்கும் வேளையில் விளக்கு அணையின் உயிருக்கு இடர். சட்டைப்பையிற் கலம் வெடிப்பினும் உயிருக்கு இடர். ஆதலின் இக்கலத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் நெடுங்காலம் பேணும் முறையையும் ஆராய்தல் பயனுடைத்து.

1800 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா முதலாவது மின்கல அடுக்கை உலகறியச் செய்தார். 1859 இல் பிரான்சு நாட்டுப் பிளான்றே, மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய அமிலக் கலத்தை ஆக்கினார். இலிதியக் கலமோ மிகப் பிந்தியது. 1970களில் ஸ்ரான்லி விற்றிங்காமும், 1980 இல் யோன் குடினஃபும், 1985 இல் அகிரா யொஷினோவும் அதனைப் படிப்படியாக உருவாக்கினர். 1991 இல் யப்பானிய நிறுவனமாகிய சோனி அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அறிஞர் மூவரும் 2019 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்கலத்தின் மறைமின்வாய் பெரும்பாலும் காரீயத்தாலானது. கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் அகழப்படும் நாளக் காரீயம் இலங்கைக்கு நெடுங்காலமாகப் புகழ் தந்த பொருளாகும். காரீயம் ஏட்டுச்சுவடியைப்போல் மெல்லிய படைகளாக அமைந்தது. மின்னேற்றும்பொழுது இலிதிய அயன்கள் நேர்மின்வாயை நீங்கி இப்படைகளினிடையே புகுந்து தங்குகின்றன. மின்னைப் பயன்படுத்தும்பொழுது திரும்பிச் செல்கின்றன. இப்போக்குவரவில் சிறிதளவு இலிதியம் காரீயத்தின் மேற்பரப்பில் உண்டாகும் படலத்திற் சிக்கிப் பயனற்றுப் போகின்றது. கலம் மூப்படைதற்கு இதுவே முதன்மையான காரணம். வெப்பமும் மிகை மின்னேற்றமும் இம்மூப்பை விரைவுபடுத்துவன. மேலும், இரு மின்வாய்களையும் பிரித்து நிற்பது மிக மெல்லிய படலம். இடையிலுள்ள மின்பகுபொருளோ தீப்பற்றும் இயல்புடையது. படலம் கிழியின் குறுஞ்சுற்று ஏற்பட்டு, வெப்பம் வெப்பத்தை வளர்க்க, கலம் தீயாகும்.

பரவலாக வழங்கும் வகை 18650 எனப்படும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடைமையால் இப்பெயர் பெற்றது. இதனைத் தேர்வோர் இரண்டு அளவுகளை நோக்குதல் வேண்டும். ஒன்று, மில்லியம்பியர் மணியிற் குறிக்கப்படும் கொள்ளளவு. மற்றையது, இடையறாது தரவல்ல மின்னோட்டம். 3500 மில்லியம்பியர் மணி கொள்ளும் கலம், அரை அம்பியர் வேண்டும் விளக்கை ஏறத்தாழ 7 மணித்தியாலம் எரிக்கும். காவல் விளக்குக்கு இத்தகைய கலம் ஏற்றது.

இலத்திரன் சிகரெட்டின் தேவை வேறானது. அதன் வெப்பச்சுருள் திரவத்தை ஆவியாக்குதற்கு மிகுந்த மின்னோட்டத்தை ஒரே முறையில் இழுக்கின்றது. முழுதும் மின்னேற்றிய கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ற்று. சுருளின் தடை 0.5 ஓம் ஆயின், ஓமின் விதிப்படி மின்னோட்டம் 8.4 அம்பியர், 0.2 ஓம் ஆயின் 21 அம்பியர். 10 அம்பியருக்கு மேல் தரவியலாத கலத்தை அத்தகைய சுருளோடு இணைத்தல் தீயை விலைக்கு வாங்குவதாகும். 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இக்கருவி வெடித்து ஒருவர் இறந்தமை உலகறிந்த செய்தி. புகையிலை அடங்கிய இலத்திரன் சிகரெட்டுகளை இலங்கை 2016 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் தடைசெய்தது. இந்தியா 2019 ஆம் ஆண்டின் சட்டத்தால் இக்கருவியின் உற்பத்தியையும் விற்பனையையும் முற்றாகத் தடுத்தது. உடல்நலம் கருதி அதனை விலக்குதலே அறிவுடைமை. எனினும் அதனால் வெளிப்பட்ட மின்கலப் பாடம் விளக்கேற்றுவோர் அனைவர்க்கும் உரியது.

கலத்தின் மேலுறையிற் பொறித்த எண்ணை அவ்வாறே நம்புதல் தகாது. 18650 வகையில் இயலக்கூடிய கொள்ளளவு ஏறத்தாழ 3500 மில்லியம்பியர் மணியே. 5000 என்றும் 9900 என்றும் பொறித்து மலிவாக விற்கப்படுவன பொய்க்கலங்கள். நற்கலம் ஏறத்தாழ 45 கிராம் நிறையுடையது. அதனிலும் மிக இலேசான கலம் ஐயுறற்பாலது. பழைய மடிக்கணினிகளினின்று பிரித்தெடுத்து, புத்துறை போர்த்து விற்கப்படுவனவும் உள. உற்பத்தியாளர் பெயர் தெளிவாகப் பொறித்த கலத்தை நம்பத்தக்க வணிகரிடம் சற்றுக் கூடிய விலைக்கு வாங்குதல் முடிவிற் சிக்கனமாம்.

இனிப் பேணும் முறை. ஈய அமிலப் பற்றறியை எப்பொழுதும் நிறை மின்னேற்றத்துடன் வைத்திருத்தல் வேண்டும். குறைவாக விடின் அதன் தகடுகளிற் சல்பேற்று இறுகிவிடும். நிக்கல் கட்மியக் கலத்தை இடையிடையே முற்றாக வெறுமையாக்கும் வழக்கமும் இருந்தது. இப்பழைய பழக்கங்கள் இரண்டும் இலிதியக் கலத்துக்குத் தீங்கானவை. நிறைவிலும் வெறுமையிலும் நெடுநேரம் நில்லாது இடைநிலையில் இருப்பதே அதற்கு உகந்தது. விளக்கொளி மங்கத் தொடங்கியவுடன் மின்னேற்றுதல் நன்று, அழுத்தம் 2.5 வோல்ற்றுக்குக் கீழே சென்ற கலத்தை மீண்டும் உயிர்ப்பிக்க முயலலாகாது. பல நாள் பயன்படுத்தாது வைப்பதாயின், பாதியளவு மின்னேற்றி நிழலில் வைத்தல் வேண்டும். திருகோணமலை மாவட்டத்துக் கோடையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டுதல் அரிதன்று. வெயிலில் நிற்கும் வாகனத்தினுள்ளும் தகரக் கூரையின் கீழும் வைத்த கலம் விரைவில் மூப்படையும்.

மின்னேற்றி இவ்வகைக் கலத்துக்கென்றே அமைந்ததாயும் 4.2 வோல்ற்றில் தானே நிற்பதாயும் இருத்தல் வேண்டும். படுக்கைமீதும் பாயின்மீதும் வைத்து மின்னேற்றுதலும், மின்னேற்றியபடி உறங்குதலும் தவிர்க்கற்பாலன. கலத்தின் உலோக உடல் முழுவதும் மறைமுனையாதலால், மேலுறை கிழிந்த கலம் எளிதிற் குறுஞ்சுற்றாகும். திறப்பும் நாணயமும் உள்ள பையில் வெறுங்கலத்தை இடாது தனிப்பெட்டியிற் கொண்டுசெல்லல் வேண்டும். இரு கலங்கள் சேர்ந்தியங்கும் கருவியில் பழையதையும் புதியதையும் கலத்தல் கூடாது. கடற்காற்றின் உப்பு தொடுமுனைகளை அரிப்பதால் அவற்றை உலர்ந்த துணியால் அடிக்கடி துடைத்தல் நன்று. வீங்கிய கலத்தை நெருப்பிலோ கிணற்றிலோ எறியலாகாது.

இவ்வாறு பேணப்படும் நற்கலம் பொதுவாக 300 முதல் 500 முறை மின்னேற்றப்பட்ட பின்னரும் தன் கொள்ளளவின் பெரும்பகுதியைத் தந்து நிற்கும். ஆசிரியர் வகுப்பறையிலே ஓமின் விதியைக் கற்பிக்கும்பொழுது இச்சிறு கலத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்வாராயின், அவ்வறிவு மாணவர் வழியாக வயற்பரணுக்கும் வள்ளத்துக்கும் சென்று சேரும்.